‘இங்’ போட்ட ஆங்கிலம்: தாய்மொழி மேல் விழுந்த பழி

“ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்.” “ஐ ஆம் நோயிங் ஹிம் வெல்.” “வீ ஆர் வான்டிங் ஒன் ரூம்.” நேர்முகத் தேர்வுகளிலும் அலுவலகங்களிலும் கல்லூரி வகுப்புகளிலும் இந்த வகை வாக்கியங்கள் நாள்தோறும் காதில் விழுகின்றன. திருத்த வருகிறவர் இரண்டு காரியம் செய்வார். ‘ஹேவிங்’ வேண்டாம், ‘ஹேவ்’ என்று சொல் என்பார். அடுத்த மூச்சில், “தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசினால் இப்படித்தான் வரும்” என்று காரணத்தையும் சொல்லி முடிப்பார். திருத்தம் சரி. காரணத்தைத்தான் யாரும் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தமிழ் வாக்கியத்தை ஆங்கில வாக்கியத்தோடு ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே அந்தக் காரணம் ஆட்டம் காண்கிறது. ‘இங்’ பெருகியதற்கு முதல் பொறுப்பு ஆங்கிலப் பாடம் சொல்லித்தரப்பட்ட வரிசைக்கு உரியது, தமிழின் பங்கு அதில் சிறியது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கு மேலும் ஒன்று உண்டு: சரியான ஆங்கில வழக்கைப் பிடிக்கத் தேவையான வேறுபாட்டைத் தமிழ் பேசும் பிள்ளை வகுப்புக்குள் நுழையும்போதே கொண்டுவருகிறது. வகுப்பறை அதைக் கேட்டு வாங்குவதில்லை.

இந்தக் கேள்வியைக் கெடிலக் கரையில் வைத்துப் பேசுவதற்குப் பொருத்தம் இருக்கிறது. திருவதிகையைத் தொட்டுக்கொண்டு ஓடும் அந்த ஆறு கடலைச் சேரும் இடத்துக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, இந்தக் கரையில் கம்பெனியின் தலைமையிடமே சில ஆண்டுகள் இங்குதான் இருந்தது. ஆங்கிலம் இந்தப் பக்கம் வந்து 300 ஆண்டுக்கு மேலாகிறது. தெற்கே சிதம்பரத்தில் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. தெ.பொ.மீனாட்சிசுந்தரனார், ச.அகத்தியலிங்கம் போன்றோர் அங்கே மொழியியலை ஒரு தனித்துறையாக வளர்த்தார்கள். தமிழ் வினைச்சொல்லின் உட்கூறுகளைப் பிரித்துப் பார்க்கும் அறிவு இந்தக் கடலூர் மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. அந்த அறிவு பக்கத்து ஊர்ப் பள்ளியின் ஆங்கில வகுப்புவரை போய்ச் சேராததுதான் நம் பொருளின் ஒரு பகுதி.

முதலில் ஆங்கிலத்தில் இந்த வினையமைப்பு என்ன வேலை செய்கிறது என்று பார்க்கலாம். ‘ஆம், இஸ், ஆர்’ மூன்றில் ஒன்று, அதன் பின்னால் ‘இங்’ ஏறிய வினை. “ஷி இஸ் குக்கிங்” என்றால் அடுப்பு எரிகிறது, வேலை தொடங்கிவிட்டது, முடியவில்லை. “ஷி குக்ஸ்” என்றால் சமைப்பது அவர் வழக்கம் அல்லது தொழில். சொல்லும் நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டுகூட இருக்கலாம். திருவதிகையில் வீடு வைத்துக்கொண்டு சில மாத வேலைக்காகச் சென்னையில் தங்கியிருப்பவர் “ஐ லிவ் இன் திருவதிகை” என்றும் “ஐ ஆம் லிவிங் இன் சென்னை” என்றும் சொன்னால், எது நிலையானது, எது தற்காலிகமானது என்பது கேட்பவருக்கு வினையிலிருந்தே தெரிந்துவிடும். தொடங்கி, நடந்து, முடியக்கூடிய எதற்கும் ‘இங்’ ஒத்துவரும். அறிவது, விரும்புவது, உடையவராக இருப்பது போன்ற நிலைகளுக்கு நடுப்பகுதி என்று ஒன்று கிடையாது என்பதால் அவை ‘இங்’கை ஏற்பதில்லை. இது வினைச்சொற்களின் சாதிப் பட்டியல் அல்ல, பொருளைப் பொறுத்த வேறுபாடு. ‘ஹேவ்’ என்பது உடைமையைக் குறித்தால் ‘இங்’ கூடாது. மதியச் சாப்பாட்டைக் குறித்தால் “ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்” என்பதே சரி. ‘திங்க்’ என்பது கருத்தைச் சொன்னால் வெறும் வினை. மனம் ஒன்றை அசைபோடுவதைச் சொன்னால் ‘திங்கிங்’. 1930களிலிருந்து இந்தியப் பள்ளிகளை ஆளும் ரென், மார்ட்டின் இருவரின் இலக்கணநூலில், ‘இங்’ பொதுவாக ஏற்காத வினைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. வினை அமைப்புகளை எண்ணிட்டு வகைப்படுத்தி 1954-இல் ஹார்ன்பி வெளியிட்ட கையேடும் ஆசிரியர்களுக்குக் கிடைத்தது. விதி தெரியாமல் யாரும் தவறவில்லை. விதி அச்சில் இருந்துகொண்டேதான் இருக்கிறது.

இப்போது தமிழ் வாக்கியங்களுக்கு வருவோம். பிழை தாய்மொழியிலிருந்து வந்தது என்றால், தாய்மொழி வாக்கியத்தில் அதன் அச்சு தெரிய வேண்டும். “எனக்கு ரெண்டு தம்பி” என்கிறோம். அதில் வினையே இல்லை. கொஞ்சம் விரித்தால் “இருக்காங்க” சேரும். “இருந்துகொண்டிருக்கிறார்கள்” என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. “அவரை எனக்கு நல்லாத் தெரியும்” என்கிறோம். “தெரிந்துகொண்டிருக்கிறது” என்றால், இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவருகிறது என்று பொருளே மாறிவிடும். “ஒரு ரூம் வேணும்” என்கிறோம். ‘வேண்டும்’ என்பதற்குக் ‘கொண்டிரு’ ஒட்டவே ஒட்டாது. பண்ருட்டிக் கடையில் முந்திரிப்பருப்பின் விலை கேட்டால் “கிலோ இவ்வளவு” என்று பதில் வரும், வினை வராது. அறிதல், விருப்பம், தேவை, உடைமை, விலை என்று ஆங்கிலம் எந்தப் பொருள்களுக்கு ‘இங்’கை மறுக்கிறதோ, ஏறக்குறைய அதே பொருள்களுக்குத் தமிழும் ‘கொண்டிரு’வை மறுக்கிறது. தமிழை அப்படியே சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் ‘எனக்கு’ என்பதற்கு ‘டு மீ’ வந்திருக்கும், வினை விடுபட்டிருக்கும், அல்லது ‘இஸ்’ என்பதோடு நின்றிருக்கும். ‘ஹேவிங்’கும் ‘நோயிங்’கும் அந்த வழியில் வந்திருக்க முடியாது.

தாய்மொழியின் கைவரிசை உண்மையில் எப்படி இருக்கும் என்பதற்கு வேறொரு வாக்கியம் நல்ல சான்று. “டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ்” என்று நம்மவர் சொல்வது அடிக்கடி கேட்கிறது. நாளைக்கு எழப்போவதைப் பற்றிய பேச்சல்ல அது. தினமும் எழுவதைப் பற்றியது. ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு ‘கெட் அப்’ போதும். ‘வில்’ எங்கிருந்து வந்தது? “தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன்” என்பதிலிருந்து நேராக வந்தது. வழக்கத்தைச் சொல்ல எதிர்கால வடிவத்தைக் கையாள்வது தமிழின் பழைய முறை. மலை நிற்பது, ஞாயிறு இயங்குவது போல முக்காலத்துக்கும் பொதுவான உண்மைகளைச் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டால் சொல்ல வேண்டும் என்பதைத் தொல்காப்பியம் தனியாகவே விதித்திருக்கிறது. இன்றைய பேச்சிலும் “சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் வரும்” என்பது இன்றைக்கு மட்டும் வரப்போகும் பேருந்து அல்ல. ஆங்கிலத்திலும் ‘வில்’ சில இடங்களில் வழக்கத்தைச் சொல்வதுண்டு; ஆனால் ‘டெய்லி’ என்று தொடங்கித் தன் நடைமுறையைச் சாதாரணமாகச் சொல்லும் இடத்தில் அது வராது. எனவே இந்த ‘வில்’லில் தமிழின் கைரேகை தெளிவாகப் பதிந்திருக்கிறது. அதே கைரேகையை ‘ஐ ஆம் ஹேவிங்’ மேல் தேடினால் கிடைக்கவில்லை. ஒரே வாயிலிருந்து வரும் இரண்டு பிழைகளுக்கு ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. தமிழில் ‘செய்கிறார்’ என்ற ஒரே வடிவம் வழக்கத்துக்கும் வரும், இந்த நொடிக்கும் வரும். “அவர் நெய்வேலியில் வேலை செய்கிறார்” என்றால் அது தொழில். “பேசாதே, வேலை செய்கிறார்” என்றால் இப்போது. ‘செய்துகொண்டிருக்கிறார்’ என்று பிரித்துச் சொல்ல வழி இருந்தும் தமிழ் அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. கைபேசியில் “என்ன பண்றே?” என்று கேட்டால் “சாப்பிடுறேன்” என்பதும் “சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்” என்பதும் ஒன்றுபோல இயல்பான பதில்கள். தமிழில் பேசுபவர் விருப்பத்துக்கு விடப்பட்டதை ஆங்கிலம் கட்டாயமாக்குகிறது; ஆகவே தமிழர் தடுமாறுகிறார் என்பது மறுப்பு. தடுமாற்றத்துக்கு இது காரணம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் தடுமாறுகிறவர் இரண்டு பக்கமும் விழ வேண்டும். ‘இங்’ வேண்டிய இடத்தில் வெறும் வினையையும், வெறும் வினை வேண்டிய இடத்தில் ‘இங்’கையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். ‘டோன்ட் டிஸ்டர்ப், ஹி ஸ்லீப்ஸ்’ என்று சொல்லும் தமிழர் அரிது. ‘ஐ ஆம் ஹேவிங்’ என்பவர் ஏராளம். சறுக்கல் எப்போதும் ஒரே பக்கமாக இருக்கிறது. ஆங்கிலம் இரண்டு வடிவங்களைக் கட்டாயமாகப் பிரிக்கும் இடத்தில் ஒன்றையே போதும் என்று விடும் தமிழ், குழப்பத்துக்கு இடம் கொடுத்திருக்கலாம். அந்தக் குழப்பம் ஏன் ‘இங்’ பக்கமே சாய்கிறது என்பதை அது விளக்கவில்லை.

சாய்வுக்கான காரணம் ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. “உங்கள் அப்பா எங்கே வேலை செய்கிறார்?” என்பதை ஆங்கிலத்தில் கேட்டுப் பார்ப்போம். “வேர் டஸ் யுவர் ஃபாதர் வொர்க்?” இதில் தனக்கென்று எந்தப் பொருளும் இல்லாத ‘டஸ்’ எங்கிருந்தோ வந்து நடுவில் உட்கார வேண்டும். ‘வொர்க்ஸ்’ என்பதில் இருந்த ‘ஸ்’ கழன்று ‘டூ’வின் மேல் ஏறி ‘டஸ்’ ஆக வேண்டும், வினை வெறுமையாக நிற்க வேண்டும். பதில் சொல்லும்போது ‘டஸ்’ மறைந்து, கழன்ற ‘ஸ்’ திரும்ப வந்து ஒட்ட வேண்டும்: “ஹி வொர்க்ஸ் இன் நெய்வேலி.” இல்லை என்று சொல்வதானால் மறுபடியும் ‘டஸ்’ வந்து, மறுபடியும் ‘ஸ்’ கழல வேண்டும். இவ்வளவும் ஒரு நொடிக்குள் நடக்க வேண்டும். ‘இங்’ போட்டால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. “வேர் இஸ் யுவர் ஃபாதர் வொர்க்கிங்?” “ஹி இஸ் வொர்க்கிங் இன் நெய்வேலி.” “ஹி இஸ் நாட் வொர்க்கிங்.” கேள்விக்கு ‘இஸ்’ இடம் மாறுகிறது, மறுப்புக்கு ‘நாட்’ சேர்கிறது, அவ்வளவுதான். ‘கோ, வென்ட், கான்’ என்று உருமாறும் வினைகூட ‘கோயிங்’ என்று வரும்போது ஒரே முகத்தோடு நிற்கிறது. ‘டூ யூ நோ’வில் உள்ள ‘டூ’வைத் தவிர்க்க நினைக்கும் நாக்குக்கு ‘ஆர் யூ நோயிங்’ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சோம்பலில் வருவதல்ல இது. குறைந்த விதிகளால் நிறையச் சொல்ல முயலும் கற்பவரின் சிக்கனம்.

இந்தச் சிக்கனம் தமிழருக்கு மட்டும் உரியதல்ல என்பதற்குச் சான்று உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகளின் பேச்சைப் பல ஆண்டுகள் பதிவுசெய்து ஆராய்ந்த ரோஜர் பிரவுன், 1973-இல் வெளியிட்ட தன் நூலில் 14 இலக்கண உருபுகள் எந்த வரிசையில் குழந்தைகளின் பேச்சில் நிலைபெறுகின்றன என்று காட்டினார். முதலில் நிலைபெற்றது ‘இங்’. படர்க்கை ஒருமையின் ‘ஸ்’ வெகுதூரம் பின்னால் வந்தது. அதே காலத்தில் டுலே, பர்ட் என்ற இருவர் ஸ்பானிய மொழியும் சீன மொழியும் பேசும் குழந்தைகள் ஆங்கிலம் கற்பதை ஆராய்ந்தபோது, மொழி வேறானாலும் வரிசை பெரிதும் ஒத்திருக்கக் கண்டார்கள். அங்கும் ‘இங்’ முன்னால், ‘ஸ்’ பின்னால். தாய்மொழியும் கற்கும் மொழியும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கேதான் பிழை வரும் என்று 1957-இல் ராபர்ட் லாடோ எழுதிய நூல் பரப்பிய நம்பிக்கை ஆட்டம் கண்டது இப்படிப்பட்ட முடிவுகளால்தான். கற்பவரின் பிழை அவர் தனக்குள் கட்டிவரும் இலக்கணத்தின் அடையாளம் என்று 1967-இலேயே பிட் கார்டர் வாதிட்டிருந்தார். உலக மொழியியல் அரை நூற்றாண்டுக்கு முன்பே கடந்துவந்த இடத்தில் ‘தமிழில் யோசிப்பதால் வந்தது’ என்ற பேச்சு இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

எளிதாக இருப்பதால் ‘இங்’ முதலில் ஒட்டிக்கொண்டது என்றால், ஆங்கிலக் குழந்தை பின்னர் அதை அளவோடு நிறுத்திக்கொள்ளும்போது நம் மாணவர் ஏன் நிறுத்தவில்லை? இந்த இடத்தில்தான் வகுப்பறை வருகிறது. 1950களில் சென்னை மாநிலப் பள்ளிகளில் வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினத்துக்கு அடுக்கிக் கற்பிக்கும் முறை நுழைந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஆயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அதில் பயிற்சி பெற்றார்கள். கண்முன்னே செய்துகாட்டி வாக்கியத்தைப் பதிய வைப்பது அதன் உயிர்நாடி. ஆசிரியர் கதவை நோக்கி நடந்தபடியே “ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்” என்பார். தாழ்ப்பாளில் கைவைத்து “ஐ ஆம் ஓப்பனிங் தி டோர்” என்பார். ஒரு மாணவனை எழுப்பிவிட்டு “வாட் இஸ் ஹி டூயிங்?” என்று வகுப்பைக் கேட்பார். சொல்லும் செயலும் ஒன்றாக வருவதால் அந்த வாக்கியங்கள் மறக்காது. ஆனால் வகுப்பறையில் செய்துகாட்டக்கூடியது ‘இங்’ மட்டுமே. ‘தெரியும்’ என்பதை எப்படி நடித்துக் காட்டுவது? ‘தினமும் நடப்பேன்’ என்பதை ஒரு நடையில் எப்படிக் காட்டுவது? அதனால் ‘இங்’ முன்வரிசையைப் பிடித்துக்கொண்டது. வெறும் வினை பிறகு வந்தபோது அதற்குக் காட்சியும் இல்லை, சூழலும் இல்லை.

வெறும் வினைக்குக் கிடைத்தது 12 கட்டங்கள் கொண்ட கால அட்டவணை. ‘ஐ ஈட், ஐ ஆம் ஈட்டிங், ஐ ஹேவ் ஈட்டன், ஐ ஹேவ் பீன் ஈட்டிங்’ என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்கச் செய்து, இதே மாதிரி மற்ற வினைகளுக்கும் எழுதிவா என்று வீட்டுப்பாடம் கொடுப்பது வழக்கமாயிற்று. ‘நோ’ என்ற வினையைக் கொடுத்தால் இரண்டாவது கட்டத்தில் ‘ஐ ஆம் நோயிங்’ என்று எழுதாமல் மாணவர் என்ன செய்வார்? பிழையை அட்டவணையே எழுதவைக்கிறது, மதிப்பெண்ணும் கிடைக்கிறது. கட்டங்களுக்குப் பக்கத்தில் எழுதித்தரும் தமிழ் விளக்கம் குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. ‘ஐ ஈட்’ என்றால் ‘சாப்பிடுகிறேன்’, ‘ஐ ஆம் ஈட்டிங்’ என்றால் ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பது பல வகுப்புகளில் மாறாத சூத்திரம். நாம் மேலே பார்த்த கைபேசிப் பதிலில் ‘சாப்பிடுறேன்’ என்பது இந்த நொடியைக் குறித்தது. வழக்கத்தைச் சொல்ல வேண்டுமானால் “நான் மீன் சாப்பிடுவேன்” என்றுதான் தமிழர் சொல்வார். ஆங்கிலத்தின் வெறும் வினைக்கு நெருக்கமான தமிழ் வடிவம் பெரும்பாலும் ‘சாப்பிடுவேன்’. வகுப்பறை கொடுத்ததோ ‘சாப்பிடுகிறேன்’. தமிழ் தவறாக வழிகாட்டவில்லை. யாரும் பேசாத ஒரு தமிழைப் பாடநோட்டில் எழுதிவைத்து, அதற்கு ஆங்கிலத்தை முட்டுக்கொடுத்ததால் வந்த கோளாறு இது.

இந்த முறைக்கு மாற்றாக ஒன்று நம் பக்கத்திலேயே சோதிக்கப்பட்டது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய, ‘பெங்களூர்த் திட்டம்’ என்று பெயர் பெற்ற முயற்சி அது. பெங்களூரோடு சென்னை, கடலூர், தலச்சேரிப் பள்ளிகளிலும் வகுப்புகள் நடந்தன. இலக்கண அமைப்புகளின் வரிசை இல்லை, ஒப்பித்தல் இல்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியைப் பிடித்தால் நேரத்துக்குப் போகலாம் என்று கண்டுபிடிக்கச் சொல்வது, வரைபடத்தைப் பார்த்து வழி கேட்பது போன்ற வேலைகளே பாடம். பொருளில் கவனம் இருக்கும்போதுதான் அமைப்பு மனத்தில் ஊறும் என்பது பிரபுவின் கொள்கை. பெரெட்டா, டேவிஸ் இருவரும் 1985-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், அமைப்புகளை நேரடியாகச் சோதிக்கும் தேர்வில் பழைய முறை வகுப்புகள் முந்தின. இலக்கணத்தைச் சூழலில் வைத்துக் கையாளும் தேர்வுகளில் பிரபுவின் வகுப்புகள் முந்தின. ‘இங்’ வடிவத்துக்காக நடந்த சோதனை அல்ல அது. ஆனாலும் நம் கேள்விக்கு அதில் ஒரு குறிப்பு இருக்கிறது. “தி டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்” என்ற வாக்கியத்தை நடித்துக் காட்ட முடியாது, அட்டவணையைக் கையில் கொடுத்துச் சொல்லவைக்க முடியும். வெறும் வினைக்கு அது வாழும் இடத்தை வகுப்புக்குள் கொண்டுவர வழி உண்டு என்பதே அந்தக் குறிப்பு.

அடுத்த மறுப்பு இந்தியிலிருந்து வருகிறது. இந்தியில் ‘எனக்குத் தெரியும்’ என்பதற்கு நிகரான வாக்கியம், வினையெச்சம் போன்ற ஒரு வடிவமும் ‘ஆம், இஸ்’ என்பதற்கு இணையான துணைவினையும் சேர்ந்து அமைகிறது. இந்திய ஆங்கிலத்தின் ‘ஐ ஆம் நோயிங்’ அங்கிருந்து புறப்பட்டு நாடெங்கும் பரவியிருக்கும் என்று மொழியியலாளர் சிலர் கருதுவதுண்டு. இந்தி பேசுவோரைப் பொறுத்தவரை இந்த விளக்கத்தில் வலு இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இது எப்படிப் பொருந்தும்? 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்த போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் சிதம்பரத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1968 முதல் இருமொழிக் கொள்கை நடப்பில் இருக்கிறது. இந்தியின் நிழல் படாத அரசுப் பள்ளிகளில் படித்து வந்தவர்களும் ‘ஹேவிங்’ என்றே சொல்கிறார்கள். நிசிம் எசக்கியேல் தம் ஆங்கிலக் கவிதைகளில் இந்த ‘இங்’ வழக்கைக் கேலி செய்தபோது அது நாடு முழுவதும் உள்ள வாசகர்களுக்குப் பரிச்சயமாகவே இருந்தது. இந்தியாவுக்கு வெளியே நைஜீரியா, கென்யா ஆங்கிலங்களிலும் நிலைவினைகளுக்கு ‘இங்’ சேர்வதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். தமிழுக்கும் இந்திக்கும் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் பொதுவான இலக்கணம் ஏதும் இல்லை. பொதுவாக இருப்பது ஆங்கிலத்தை வீட்டில் கேட்காமல் பள்ளியில் கற்றது.

தமிழுக்குப் பங்கே இல்லை என்று சாதிப்பதும் நேர்மை ஆகாது. ‘வைத்திருக்கிறேன்’ என்ற வினை இதில் உண்மையான கசிவு. “கார் வெச்சிருக்கேன்” என்பதில் ‘வைத்து’ ஒரு பாதி, ‘இருக்கிறேன்’ மறுபாதி. ‘இருக்கிறேன்’ என்றதும் ‘ஆம்’ நினைவுக்கு வந்து, ‘ஐ ஆம் ஹேவிங் எ கார்’ பிறப்பது இயல்புதான். இந்த வகைப் பிழைகளில் ‘ஹேவிங்’ மிகப் பரவலாக இருப்பதற்கு இது துணைபோயிருக்கும். “புரியுதா?” என்று ‘கிறது’ வடிவில் கேட்கும் பழக்கம் “ஆர் யூ அண்டர்ஸ்டாண்டிங்?” என்பதற்குத் தூண்டுதல் ஆகியிருக்கலாம். ஆனால் ‘இரு’ என்ற துணைவினை வந்தாலே ‘இங்’ வரும் என்றும் சொல்ல முடியாது. “வந்திருக்கிறேன்” என்பதை யாரும் ‘ஐ ஆம் கமிங்’ ஆக்குவதில்லை. ‘ஐ ஹேவ் கம்’ என்று சரியாகவே சொல்கிறார்கள். அங்கே வகுப்பறை வேறு வடிவத்தைப் பழக்கியிருக்கிறது, தாய்மொழி குறுக்கே வரவில்லை. ‘ஹேவிங்’ என்ற ஒரு சொல்லுக்குத் தமிழ் ஓரளவு பொறுப்பு ஏற்கட்டும். ‘நோயிங்’கும் ‘வான்டிங்’கும் அதன் கணக்கில் சேரா.

கடைசி மறுப்பு வேறு வகையானது. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இப்போது ‘இங்’கைத் தாராளமாகக் கையாள்கிறார்கள், மெக்டொனால்ட்ஸ் 2003 முதல் ‘ஐ ஆம் லவிங் இட்’ என்ற தொடரைத்தான் உலகெங்கும் விளம்பரமாகச் சுமக்கிறது, நம்மை மட்டும் ஏன் திருத்த வேண்டும்? மொழி மாறும் என்பதில் ஐயமில்லை. ஷேக்ஸ்பியரின் ஹேம்லட் நாடகத்தில் கையில் புத்தகத்தோடு வரும் இளவரசனிடம் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்கும் இடத்தில் ‘இங்’ இல்லை. இன்றைய ஆங்கிலத்தில் அங்கே ‘இங்’ இல்லாமல் கேட்க முடியாது. வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லும் இன்றைய ஆங்கில வடிவம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைகாட்டி, 19-ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்களின் வசைக்கு ஆளாகி, பிறகே நிலைபெற்றது. தமிழும் இதற்கு விலக்கல்ல. சங்கப் பாடல்களில் அரிதாக இருந்த ‘கின்று’ என்னும் நிகழ்கால இடைநிலை, திருவதிகையில் அப்பர் பாடத் தொடங்கிய பக்திக் காலத்தில் பெருகியது. 13-ஆம் நூற்றாண்டு நன்னூல் ‘கிறு’, ‘ஆநின்று’ ஆகியவற்றையும் அதனுடன் சேர்த்து விதியாக்கியது. இந்திய ஆங்கிலம் தனக்கென வழக்குகள் கொண்ட ஒரு வகை என்று பிரஜ் கச்ரு வாழ்நாளெல்லாம் வாதிட்டதும் ஏற்கத்தக்கதே. ஆயினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ‘லவ்’, ‘லவிங்’ இரண்டும் கையில் உள்ளவர் ‘லவிங்’கைத் தேர்ந்தெடுக்கும்போது, இந்த நேரத்து மகிழ்ச்சி என்ற கூடுதல் பொருள் கேட்பவருக்குப் போய்ச் சேர்கிறது. “இந்தப் பாட்டு பிடிக்கும்” என்பதற்கும் “இந்தப் பாட்டு பிடிச்சிருக்கு” என்பதற்கும் நாம் காட்டும் வேறுபாட்டுக்கு அது நெருக்கம். எல்லா இடத்திலும் ‘இங்’ போடுகிறவருக்கு அந்தத் தேர்வு இல்லாமல் போய்விடுகிறது. நமக்குள் பேசிக்கொள்ளும்போது அதனால் நட்டம் ஒன்றும் இல்லை. நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர் அதை வைத்து மதிப்பெண் போடும்போது நட்டம் உண்டு.

ஆகவே வகுப்பறையில் செய்ய வேண்டியது தமிழை வெளியே அனுப்புவதல்ல, உள்ளே அழைப்பது. ‘தெரியும், வேண்டும், பிடிக்கும், புரியும்’ என்று ‘உம்’ ஈற்றில் நின்று, எதிர்காலத்தை அல்லாமல் இப்போதுள்ள நிலையைச் சொல்லும் வினைகளைத் தமிழ் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறது. அவற்றைச் செய்பவர் ‘நான்’ என்று வருவதில்லை, ‘எனக்கு’ என்றே வருகிறார். ‘எனக்கு’ என்று தொடங்கி ‘உம்’ என்று முடிந்து இந்த நொடிக்கும் பொருந்தினால் ஆங்கிலத்தில் ‘இங்’ வேண்டாம். இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரு பாடவேளையில் பிடித்துக்கொள்ளும். “எனக்குத் தலை வலிக்குது” என்பதும் ‘எனக்கு’ என்றே தொடங்குகிறது. ஆனால் முடிவது ‘உம்’ அல்ல. ஆங்கிலமும் அங்கே ‘ஏக்கிங்’ என்பதை அனுமதிக்கிறது. இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. ‘நினைக்கிறேன், நம்புகிறேன், கேட்கிறது’ ஆகியவை இதற்குள் அடங்கா. அவற்றைத் தனியே படித்துத்தான் ஆக வேண்டும். அதுபோலவே, வழக்கத்தைச் சொல்லும் ஆங்கில வெறும் வினைக்குச் ‘சாப்பிடுவேன், வரும், போவார்’ ஆகியவற்றை இணையாகத் தந்தால் பாடநோட்டுத் தமிழின் குழப்பம் தீரும். ஆனால் ‘வில்’ போடும் பழக்கம் அதனால் வலுக்காதபடி இரண்டையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். பாடநூல் எழுதுவோரும் ஆசிரியர் பயிற்சி நடத்துவோரும் கால அட்டவணையின் இரண்டாவது கட்டத்தை எல்லா வினைக்கும் நிரப்பச் சொல்வதை நிறுத்தினாலே ‘நோயிங்’ எழுதும் கட்டாயம் நீங்கும். அது செலவில்லாத சீர்திருத்தம். அதற்குப் பிறகும் ஒரு மாணவர் ‘ஐ ஆம் ஹேவிங்’ என்றால், தமிழில் யோசிக்காதே என்று சொல்வதைவிட, அதையே தமிழில் எப்படிச் சொல்வாய் என்று கேட்பதுதான் ஆசிரியர் எடுக்க வேண்டிய முதல் அடி.